கிணற்றுக் கல்லில் பெரணி: பாசியா, கறையா?

கல்லிடைக்காரன் (ஞாயிறு, இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்துக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு கிணறும் இருக்கிறது. போன கோடையில் தண்ணீர் ரொம்பக் கீழே போய்விட்டதால் இந்தத் தடவை இன்னும் ஆறடி தோண்டினோம். வெடி வைத்து எடுத்த கல்லைக் கரையில் குவித்திருந்தார்கள். அதில் ஒரு பாளம் ஏட்டுச் சுவடியைப் பிரித்த மாதிரி இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளந்த முகத்தில் கறுப்பாக, பெரணி இலையை அழுத்தி வைத்தாற்போல, கிளைக்குள் கிளையாக ஒரு படம். உள்ளங்கை அகலம் இருக்கும்.

சித்தப்பா மகன் அதை வீடியோ எடுத்து, "நெல்லையில் 350 கோடி ஆண்டுப் பாசி" என்று தலைப்புப் போட்டு விட்டுவிட்டான். மூன்று நாளாக வயலுக்கு ஆள் வருகிறது. நேற்று ஒருத்தர் விலையே கேட்டார். அப்பாவுக்குக் கல்லைக் கொடுத்துத் தொலைத்தால் போதும். எனக்குத்தான் மனசு வரவில்லை. உலகத்தின் முதல் உயிர்த்தடங்கள் ஆஸ்திரேலியாவிலும் கிரீன்லாந்திலும் கிடைத்தன என்று படித்திருக்கிறேன். நம்ம ஊர்ப் பாறையும் ரொம்பப் பழசு என்கிறார்களே, இது அந்த வகையாக இருக்க வாய்ப்பு உண்டா? படம் இரண்டு இணைத்திருக்கிறேன். அளவு தெரிய அஞ்சு ரூபாய்க் காசை வைத்து எடுத்தது.

நெல்லைச்சந்துரு (ஞாயிறு, இரவு 9.22)

350 கோடி ஆண்டா! இருட்டுக்கடை வரிசையில் முதல் ஆளாக நின்றது அந்தப் பாசிதான் போல.

பாளை வாத்தியார் (ஞாயிறு, இரவு 10.45)

தம்பி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேட்க உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இது செடியும் இல்லை, பாசியும் இல்லை. டெண்ட்ரைட் என்று எங்கள் பாடத்தில் சொல்லுவோம், மரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பாறையில் மயிரிழை வெடிப்பு இருக்கும். அதற்குள் மாங்கனீசும் இரும்பும் கரைந்த தண்ணீர் கசியும். தண்ணீர் போன பிறகு மாங்கனீசு ஆக்சைடு கறுப்பாகப் படிந்து நிற்கும், அது படியும்போது கிளை விட்டுத்தான் படியும். வெள்ளையடித்த சுவரில் மழைத் தண்ணீர் கறை இறங்குகிறது அல்லவா, கிட்டத்தட்ட அந்தக் குடும்பம். கனமே இருக்காது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள், தாள் அளவுக்குத்தான் இருக்கும். பிளந்த முகத்தில் மட்டும் இருந்து கல்லுக்குள்ளே போகாமல் நின்றால் அது வெடிப்பில் வந்த கறை.

இன்னொன்று, உங்கள் கிணறு இருக்கும் பாறை. அம்பை, தென்காசி, களக்காடு வட்டாரம் முழுக்கச் சார்னோக்கைட் என்ற கருங்கல்லும், கார்னட் என்ற சிவப்பு மணிக்கல் பதித்த நைஸ் என்ற வரிப்பாறையும்தான். சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்னால் கண்டங்கள் மோதி ஒட்டியபோது இந்தப் பாறைகள் பூமிக்குள் ஆழத்தில் 800 டிகிரிக்கு மேல் வெந்தவை. அந்தச் சூட்டில் கல்லே பாதி இளகிவிடும். பாசி எப்படித் தப்பும்? பழைய பாறை என்பது உண்மை. ஆனால் தடம் மிஞ்ச வயது மட்டும் போதாது, அடுப்பில் ஏறாமலும் இருந்திருக்க வேண்டும்.

தேரிக்காட்டான் (ஞாயிறு, இரவு 11.03)

அண்ணாச்சி, மரியாதையோடவே கேக்கேன். வெள்ளைக்காரன் கல்லில் புழு மாதிரி நெளிந்தால் அது உலகத்தின் முதல் உயிர். நம்ம கிணற்றுக் கல்லில் பெரணி மாதிரி இருந்தால் மட்டும் கறையா? கைபேசிப் படத்தை வைத்து எட்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அவர்கள் கல்லையும் இப்படித்தான் தள்ளினார்களா?

கல்லிடைக்காரன் (ஞாயிறு, இரவு 11.10)

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். சுரண்டிப் பார்த்தேன் சார், கனம் இல்லை என்பது சரிதான். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டு கழித்துப் பாசி மட்டும் கனமாகவா இருக்கும்?

பாளை வாத்தியார் (திங்கள், காலை 6.30)

தேரிக்காட்டான் கேட்டது நியாயமான கேள்வி. அவர்கள் கல்லைத் தள்ளியது எட்டு வரியில் இல்லை, இருபத்தைந்து ஆண்டு. காலையில் காபி குடித்துக்கொண்டே எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்று ஒரு வறண்ட நாடு. அங்கே ஏபெக்ஸ் செர்ட் என்றொரு பாறை, வயது சுமார் 346 கோடி ஆண்டு. செர்ட் என்பது சிக்கிமுக்கிக் கல்லின் சாதி, முழுக்கச் சிலிக்கா. முதலில் பசை மாதிரி இருந்து பிறகு இறுகுவது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கருப்பட்டிக் கூப்பனியில், அதாவது பாகில், விழுந்த எறும்பு. கூப்பனி இறுகினால் எறும்பின் கால், மீசை எல்லாம் அப்படியே நிற்கும். ஈரக் களிமண்ணில் விழுந்திருந்தால் நசுங்கி நாசமாகியிருக்கும். அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்காரர்கள் உலகம் முழுக்கச் செர்ட்டைத் தேடி அலைகிறார்கள். அந்தக் கல்லை 30 மைக்ரான் கனத்துக்கு, அதாவது தலைமுடியில் பாதிக்கும் குறைவாகச் சீவித் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினால் வெளிச்சம் ஊடுருவும். அப்புறம் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

1993இல் கலிஃபோர்னியாவின் ஆராய்ச்சியாளர் வில்லியம் ஷாஃப் அந்தச் சீவலில் பார்த்தது என்ன? மணி கோத்த மாதிரி, அறை அறையாகப் பிரிந்த நுண்ணிய இழைகள். பதினொரு வகை என்று பிரித்துப் பெயரே வைத்துவிட்டார். அவற்றில் சில ஆக்சிஜனை வெளிவிடும் நீலப்பச்சைப் பாசியாகவும் இருக்கலாம் என்றார். பாடநூல்களில் ஏறிவிட்டது. பத்து ஆண்டு நானும் அதைத்தான் வகுப்பில் நடத்தினேன்.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் மார்ட்டின் பிரேசியர், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த அதே சீவல்களை எடுத்துப் பார்த்தார். ஷாஃப் படத்தில் ஒற்றை இழையாகத் தெரிந்த சில, லென்ஸின் ஆழத்தை மாற்றினால் கிளை விட்டன, மடங்கின. ஷாஃப் சொன்ன வகைப் பாக்டீரியா இழை அப்படிக் கிளைப்பதில்லை. அடுத்து பில்பராவுக்கே போய் அந்த இடத்தின் வரைபடம் போட்டார். நீர்க்கரையில் படிந்த படிவு என்று நினைத்திருந்த கல், உண்மையில் எரிமலைச் சூட்டில் கொதித்த வெந்நீர் ஏறிய வெடிப்பில் உறைந்த கல். 2002 மார்ச்சில் இருவர் கட்டுரையும் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து வந்தன. அடுத்த மாதம் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் இருவரும் மேடையில் நேருக்கு நேர்.

பிரேசியர் சொன்னதன் சாரம் இதுதான். உயிர் மாதிரி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாக் கல்லும் ஆமாம் என்று சொல்லும். உயிர் இல்லாமலே இது உண்டாகியிருக்க முடியுமா என்று முதலில் கேள். அந்த வழி எல்லாம் அடைபட்ட பிறகு உயிரிடம் வா.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1996இல், அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய் விண்கல்லில் நுண்ணுயிர்த் தடம் இருக்கிறது என்று நாசா பெரிய செய்தியாளர் கூட்டம் நடத்தியது. அமெரிக்க ஜனாதிபதியே அதைப் பற்றிப் பேசினார். அந்தக் கூட்டத்தில், ஆதாரம் போதாது என்று சந்தேகப்படுகிறவராக உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? இதே ஷாஃப்.

ஆகவே தேரிக்காட்டான் தம்பி, வெள்ளைக்காரன் கல்லும் அடிபட்டுத்தான் வந்தது. இன்னும் அடிபடுகிறது.

நெல்லைச்சந்துரு (திங்கள், காலை 8.05)

வாத்தியார் காபி ஆறியே போயிருக்கும்.

சரி, கடைசியில் யார் ஜெயித்தது? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

பாளை வாத்தியார் (திங்கள், காலை 8.40)

முடியவில்லை. பிரேசியர் 2014 டிசம்பரில் விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரும் சேர்ந்த கட்டுரை 2015இல் வந்தது. அந்த இழைகள் அப்பளக்கட்டு மாதிரி அடுக்கிய களிமண்வகைக் கனிமத் தகடுகள், அவற்றின் இடுக்கில் பின்னால் கார்பன் ஒட்டிக்கொண்டது என்று அது சொல்லியது. அறை அறையாகத் தெரிந்தது அந்த அடுக்குத்தான். ஷாஃப் விடவில்லை. 2017 கடைசியில் ஜான் வேலி என்பவருடன் சேர்ந்து, பதினொரு இழைகளின் கார்பனைத் தனித்தனியாக அளந்து, வகைக்கு வகை வித்தியாசம் இருக்கிறது, இது உயிர்தான் என்றார். அதையும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தராசு பிரேசியர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அது என் கருத்து மட்டும்தான்.

பெர்த்வாசி (திங்கள், மதியம் 12.15)

சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி, இப்போது பெர்த்தில் இருக்கிறேன். வாத்தியார் சொன்ன ஏபெக்ஸ் பாறை மார்பிள் பார் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில். வேலை விஷயமாக ஒரு தடவை போயிருக்கிறேன். 1923–24இல் தொடர்ந்து 160 நாள் 37.8 டிகிரிக்குக் குறையாமல் வெயில் அடித்த ஊர். நம்ம ஊர்க் கத்திரி வெயிலில் வளர்ந்தவனுக்கே அங்கே தலை சுற்றியது.

இந்த விவாதத்துக்குப் பொருத்தமாக ஒன்று சொல்லுகிறேன். மார்பிள் பார் என்ற பெயரே தப்பு. ஆற்றுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பாறைத் திட்டு ஓடும். முதலில் வந்தவர்கள் அதைச் சலவைக்கல் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அது ஜாஸ்பர், செர்ட்டின் சிவப்புச் சாதி. மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பட்டுப்புடவைக் கரை மாதிரி மின்னும். பெயர் மட்டும் மாறவே இல்லை.

உப்பளத்து மகள் (திங்கள், இரவு 8.20)

தாமதமாக வருகிறேன். தூத்துக்குடி. அப்பாவுக்கு உப்பளம், நான் நுண்ணுயிரியல் படித்தவள். எல்லாரும் இழை, இழை என்று நுண்ணோக்கிக்குள்ளேயே நிற்கிறீர்கள். கண்ணால் பார்க்கிற சாட்சி ஒன்று இருக்கிறது, அதன் உறவுக்காரர் நம்ம ஊரிலேயே இருக்கிறார்.

உப்பு விளையும் பாத்திக்கு முன்னால் கடல்நீரை வற்றவைக்கிற பெரிய பாத்திகள் உண்டு. அவற்றின் அடியில் தோல் மாதிரி ஒரு படலம் படியும். சின்ன வயதில் காலால் கிளப்பி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். கத்தியால் வெட்டி ஓரத்தைப் பார்த்தால் அடுக்கு தெரியும். மேலே பச்சை, அது நீலப்பச்சைப் பாசி. அதற்குக் கீழே கத்தரிப்பூ நிறம், வெளிச்சத்தில் பிழைத்தாலும் ஆக்சிஜன் ஆகாத பாக்டீரியா. அதற்கும் கீழே கறுப்பு, அழுகின முட்டை வாடை அங்கிருந்துதான் வரும். அரை விரல் கனத்துக்குள் மூன்று ஊர்.

இந்தப் படலத்தின் மேல் மண்ணோ சுண்ணாம்போ படிந்தால் பாசி வெளிச்சம் தேடி மேலே ஏறி மறுபடி படலம் விரிக்கும். திரும்ப மண் படியும், திரும்ப ஏறும். இப்படி அடுக்கடுக்காக இறுகிய கல்தான் ஸ்ட்ரோமாட்டோலைட். பில்பராவில் டிரெஸ்ஸர் என்ற பாறை அடுக்கில் 348 கோடி ஆண்டு பழையவை இருக்கின்றன. ஸ்ட்ரெல்லி பூல் என்ற இடத்தில் 343 கோடி ஆண்டுப் பழையவை. அங்கே 2006இல் அபிகெய்ல் ஆல்வுட் ஏழு வகை வடிவம் பிரித்தார். கூம்பு, அலை, அப்புறம் முட்டை அடுக்குகிற அட்டை மாதிரி ஒன்று. ஒரே திட்டில் பல கிலோமீட்டருக்கு அந்த வடிவங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாறுகின்றன. வெறும் ரசாயனம் அப்படி இடம் பார்த்து மாறுவது கஷ்டம். பழைய உயிருக்கு உள்ள சாட்சிகளில் இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஒற்றை இழையை விட ஒரு ஊரே வாழ்ந்த தடம் மேல்.

பெர்த்வாசி (திங்கள், இரவு 8.50)

அக்கா சொன்ன படலத்தின் பெரிய அண்ணன் இங்கே ஷார்க் பே, ஹாமெலின் பூலில் உயிரோடு இருக்கிறது. பார்க்கக் குட்டிக் குட்டிக் கறுப்புத் திண்ணைகள் மாதிரி. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது. அங்கே தண்ணீரில் உப்பு சாதாரணக் கடலைப் போல இரண்டு மடங்கு, அதனால் பாசியை மேய்கிற நத்தைக்கு அங்கே பிழைப்பில்லை. 2021 சூறாவளியில் பார்வையாளர் நடைபாதை சேதமாகிவிட்டது.

உப்பளத்து மகள் (திங்கள், இரவு 9.02)

அதேதான் தம்பி. உப்பளத்திலும் மேய ஆள் இல்லை. முதல் முந்நூறு கோடி ஆண்டு உலகமே மேய ஆளில்லாத உப்பளம்தான்.

ஆனால் ஸ்ட்ரோமாட்டோலைட்டிலும் ஏமாறலாம். 2016இல் கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுக் கூம்புகள் என்று ஆலன் நட்மன் குழு அறிவித்தது. இரண்டு மூன்று செ.மீ. உயரம். அதே ஆல்வுட் நேரில் போய், கல்லைப் பக்கவாட்டிலும் வெட்டிப் பார்த்தார். முன்னால் இருந்து பார்த்தால் கூம்பு. பக்கத்திலிருந்து பார்த்தால் நீளமான வரப்பு. பாறை நசுங்கி மடிந்தபோது வந்த மடிப்பு என்று 2018இல் எழுதினார். நட்மன் குழு ஒப்புக்கொள்ளவில்லை. வயல் வரப்பைத் தலைமாட்டில் நின்று பார்த்தால் அதுவும் முக்கோணம்தானே.

தேரிக்காட்டான் (திங்கள், இரவு 10.15)

உருவத்தை நம்ப முடியாது என்று புரிகிறது. அப்படியென்றால் எதைத்தான் நம்புவது? கார்பனை அளந்தார் என்றார் வாத்தியார், அது என்ன கணக்கு?

இன்னொன்று. எங்கள் ஊர்க் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் கிடக்கிறதே, அதில் சிர்க்கான் என்ற கனிமம் இருக்கிறது என்பார்கள். உலகத்தின் ரொம்பப் பழைய பொருளே சிர்க்கான்தான் என்று எங்கேயோ படித்தேன். அப்படியானால் கதை நம்ம மணலுக்கும் வரும்லா?

மட்டுறுத்துநர் (திங்கள், இரவு 10.30)

தாது மணல் அரசியலை இங்கே இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தனி விவாதப் பக்கம் இருக்கிறது, அது போதுமான அளவு சூடாகவும் இருக்கிறது.

பாளை வாத்தியார் (செவ்வாய், காலை 6.50)

கார்பன் கணக்கு எளிது. கார்பனில் 12 என்றும் 13 என்றும் இரண்டு எடை உண்டு. சந்தையில் சுமைகாரர் கூலி ஒன்றுதான் என்றால் இலேசான மூட்டையைத்தானே முதலில் தூக்குவார். பாசியும் அப்படி 12ஐ அதிகம் எடுத்துக்கொள்ளும். அதனால் உயிர் தொட்ட கார்பனில் 13 குறைவு, சாதாரணமாக ஆயிரத்துக்கு 25 பங்கு வரை. உருவம் அழிந்தாலும் இந்தக் கணக்கு மிஞ்சும். வாழைக்காய் சிப்ஸ் கரிந்துபோனால் அது வாழைக்காயா சேனையா என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆனால் கரி கரிதான். நம்ம தெற்கத்திப் பாறைகளில் பளபளவென்று கிராஃபைட் என்ற கார்பன் செதில் கிடைக்கிறதே, தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக் கல்லிலும் கண்ணில் படும். அதில் ஒரு பங்காவது பழைய உயிரின் கரியாக இருக்கலாம். ஆனால் எந்த உயிர், என்ன வடிவம் என்று கேட்டால் பதில் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், கடலடி வெந்நீர் ஊற்றுகளில் உயிரே இல்லாமல் வாயுக்கள் சேர்ந்து கார்பன் கூட்டுப்பொருள் உண்டாகும். அதிலும் 13 குறைவாகவே வரலாம். ஏபெக்ஸ் இருந்ததே வெந்நீர் வெடிப்பில்! அதனால் அங்கே கார்பன் கணக்கைத் தனிச் சாட்சியாக ஏற்கத் தயக்கம்.

சிர்க்கானுக்கு வருவோம். நீங்கள் படித்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ். அங்கே ஒரு சிர்க்கான் மணிக்கு 440 கோடி ஆண்டு. 2015இல் எலிசபெத் பெல் குழு அங்கிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகளைச் சலித்து, 410 கோடி ஆண்டு வயதுள்ள ஒரே ஒரு மணிக்குள் கிராஃபைட் புள்ளிகளைக் கண்டது. கார்பன் கணக்கும் இலேசான பக்கம்தான். ஒரு மணி! மூட்டை நெல்லில் ஒரு கறுப்பு நெல். அதை வைத்து 410 கோடி ஆண்டுக்கு முன் உயிர் இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியுமா? அவர்களே 'இருக்கலாம்' என்றுதான் எழுதினார்கள். நம்ம மணல் சிர்க்கானும் வயது சொல்லும், பாறைகளின் பழைய கதையெல்லாம் அதில் இருக்கிறது. உயிரின் தொடக்கம் அதில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

கடற்கரைக்குப் போகிறவர்கள் சிர்க்கானை விட்டுவிட்டு, வெள்ளை மணலை ஒரு நல்ல லென்ஸில் பாருங்கள். ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரின் ஓடுகள் சங்கு மாதிரி, நண்டுக்கண் மாதிரி கிடக்கும். அவையெல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளைகள், ஆனாலும் அழகு. பழைய ஓடு வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும்.

கல்லிடைக்காரன் (செவ்வாய், மதியம் 1.30)

சார், இவ்வளவும் படித்த பிறகு என் கல்லுக்கு ஒரு சோதனை வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் செய்கிற மாதிரி ஏதாவது உண்டா?

பாளை வாத்தியார் (செவ்வாய், மதியம் 2.10)

உண்டு. மருந்துக்கடையில் புண் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு விற்பார்கள். கறுப்பின் மேல் இரண்டு சொட்டு விடுங்கள். மாங்கனீசு ஆக்சைடாக இருந்தால் உடனே நுரை பொங்கும். கறுப்பில்லாத இடத்திலும் இரண்டு சொட்டு விடுங்கள், ஒப்பிட வேண்டும்.

கல்லிடைக்காரன் (செவ்வாய், இரவு 7.40)

செய்துவிட்டேன். கறுப்பின் மேல் சோடாவைத் திறந்த மாதிரி பொங்கியது. வெறும் கல்லில் ஒன்றும் இல்லை. அப்பா பார்த்துவிட்டு "தீர்ந்ததுடா உன் கோடி ஆண்டு" என்று சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வாத்தியார் சொன்னதுதான் சரி. சித்தப்பா மகனிடம் வீடியோவை எடுக்கச் சொல்லப்போகிறேன்.

உப்பளத்து மகள் (செவ்வாய், இரவு 8.05)

தம்பி, பொறு. வீடியோவை எடு, அது நல்லது. ஆனால் சோதனை முடியவில்லை.

உயிருள்ள பாசி, பாக்டீரியா, ரத்தம் எது மேல் பெராக்சைடு விட்டாலும் பொங்கும். செல்லுக்குள் கேட்டலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அதன் வேலையே பெராக்சைடை உடைப்பது. புண்ணில் நுரைப்பது அதனால்தான். கிணற்றுக் கல், ஈரத்தில் இருந்தது, வெடிப்புக்குள் இன்றைய பாசி புகுந்திருந்தாலும் இதே நுரைதான் வரும். ஆக நுரை வந்ததால் மாங்கனீசு என்று சொல்ல முடியாது. வாத்தியார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாளை வாத்தியார் (செவ்வாய், இரவு 8.20)

கோபம் எதற்கு அம்மா? பிரேசியர் கதையை ஒரு பக்கம் எழுதிவிட்டு நானே அந்தக் குழியில் விழுந்தேன். நீங்கள் சொல்வது சரி. இன்றைய உயிர் பழைய கல்லுக்குள் புகுந்து ஏமாற்றுவது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. கல்லின் வயது வேறு, அதற்குள் இருப்பதன் வயது வேறு.

உப்பளத்து மகள் (செவ்வாய், இரவு 8.31)

வழி சுலபம். கறுப்பு உள்ள ஒரு சில்லைப் பெயர்த்துத் தண்ணீரில் இருபது நிமிடம் நன்றாகக் கொதிக்கவை. நொதி செத்துவிடும், மாங்கனீசுக்கு ஒன்றும் ஆகாது. ஆறினதும் சொட்டு விடு. கூடவே ஒரு துண்டு பச்சை உருளைக்கிழங்கு, ஒரு துண்டு வேகவைத்த உருளைக்கிழங்கு இரண்டின் மேலும் விட்டுப் பார். கொதி போதுமா என்று அது சொல்லிவிடும்.

கல்லிடைக்காரன் (செவ்வாய், இரவு 9.55)

அம்மா பருப்பு வேகவைக்கிற பாத்திரத்தில் கல்லைப் போட்டதற்கு வாங்கின திட்டை இங்கே எழுத முடியாது.

பச்சை உருளைக்கிழங்கு: நுரை. வெந்த உருளைக்கிழங்கு: ஒன்றும் இல்லை. கொதித்த சில்லின் கறுப்பு: முன்னைப் போலவே பொங்கியது. அதே சில்லின் வெறும் பக்கம்: சும்மா கிடந்தது.

பாளை வாத்தியார் (செவ்வாய், இரவு 10.10)

அப்படியென்றால் மாங்கனீசு என்று இப்போது கொஞ்சம் தெம்பாகச் சொல்லலாம். உருளைக்கிழங்கு யோசனைக்கு நூறு மார்க்.

இந்த அவமானத்துக்கெல்லாம் ஒரு மூதாதை உண்டு தம்பி, அதைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். 1859இல் டார்வினுக்கே ஒரு தீராத கவலை இருந்தது. கேம்பிரியன் என்ற பழைய புவிக்காலத்துக்கு முந்தின பாறைகளில் ஏன் ஒரு தடமும் இல்லை? சில ஆண்டிலேயே கனடாவில் சுண்ணாம்புக் கல்லில் பச்சையும் வெள்ளையுமாக வரி வரியான ஒன்று கிடைத்தது. 1865இல் ஜான் வில்லியம் டாசன் அதற்கு 'கனடாவின் விடியல் விலங்கு' என்று பொருள்படப் பெயர் வைத்தார். முப்பது ஆண்டு சண்டை. கடைசியில் வெசூவியஸ் எரிமலை துப்பிய சுண்ணாம்புக் கட்டிகளிலேயே அதே வரிகள் தெரிந்தன. சூட்டில் கனிமம் பிரிந்து போட்ட கோலம், அவ்வளவுதான். உண்மையான நுண்தடம் வந்தது 1954இல். ஸ்டான்லி டைலரும் எல்ஸோ பார்கோர்னும் சுப்பீரியர் ஏரிக்கரைக் கறுப்புச் செர்ட்டில், கன்ஃப்ளின்ட் பாறையில், 188 கோடி ஆண்டுப் பழைய இழைகளையும் உருண்டைகளையும் காட்டினார்கள். அதை இன்றுவரை யாராலும் அசைக்க முடியவில்லை. உங்கள் கல்லும் டாசன் கல்லும் ஒரே கட்சி.

தேரிக்காட்டான் (புதன், காலை 7.15)

சரி, ஒத்துக்கிடுதேன். அண்ணாச்சி கல்லைத் தள்ளினது ஊர் பார்த்து இல்லை.

ஆனால் ஒன்று. செவ்வாயில் பெர்சிவரன்ஸ் வண்டி 2024இல் சிறுத்தைப் புள்ளி மாதிரி பார்த்த கல்லைப் பற்றி 2025 செப்டம்பரில் பெரிசாகச் செய்தி வந்ததே. அங்கே யார் போய் உருளைக்கிழங்கு வைத்துப் பார்ப்பது?

உப்பளத்து மகள் (புதன், காலை 9.40)

அதனால்தான் நாசா அதை 'உயிரின் அடையாளமாக இருக்கக்கூடும்' என்ற அளவிலேயே நிறுத்தியது. அந்தப் புள்ளிகளில் இரும்புப் பாஸ்பேட்டும் இரும்புச் சல்பைடும் இருக்கின்றன. நம்ம உப்பளப் படலத்தின் கறுப்பு அடுக்கிலும் இரும்புச் சல்பைடு உண்டு, பாக்டீரியா வேலை. சூடுபட்டால் உயிர் இல்லாமலும் வரும், ஆனால் அந்தக் கல் அப்படிச் சூடுபட்ட மாதிரி தெரியவில்லை என்கிறார்கள். கையில் சீவல் வராமல் யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இன்னொரு வேடிக்கை, அந்த வண்டியின் கையில் கல்லின் ரசாயனத்தைப் புள்ளி புள்ளியாக அளக்கிற கருவிக்குப் பொறுப்பாளர் ஆல்வுட்தான். இசுவாக் கூம்பைப் பக்கவாட்டில் பார்த்தவர்.

நெல்லைச்சந்துரு (புதன், காலை 10.00)

அந்த அம்மாவிடம் ஒரு உருளைக்கிழங்கு கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

கல்லிடைக்காரன் (வெள்ளி, மாலை 5.20)

விலை கேட்டவர் இன்றைக்கும் வந்தார். பாசி இல்லை அண்ணாச்சி, மாங்கனீசுக் கறை என்று உருளைக்கிழங்கோடு செய்தே காட்டினேன். "பரவாயில்லை, பார்க்க நல்லா இருக்கு, பூஜை அறையில் வைக்கணும், ஐந்நூறு தாரேன்" என்றார். அப்பா என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டார். மற்ற பாதிப் பாளம் என்னிடம்தான் இருக்கிறது. உப்பளத்து அக்கா, மழை தொடங்கும் முன்னால் ஒரு நாள் தூத்துக்குடி வந்தால் அந்த மூன்று அடுக்குப் படலத்தை வெட்டிக் காட்டுவீர்களா?

உப்பளத்து மகள் (வெள்ளி, மாலை 6.05)

வா தம்பி. காலை ஏழு மணிக்குள் வந்துவிடு, அதற்கப்புறம் அங்கே நிற்க முடியாது. பழைய செருப்பு போட்டு வா, வாடை ஒரு வாரம் போகாது.